வாங்காத லென்ஸும் மூன்றாவது பொத்தானும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வேண்டிய சமாச்சாரமே இல்லை. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் டெலி ஜூம் லென்ஸ் ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. கேமரா கம்பெனியே செய்யும் லென்ஸின் விலையைப் பார்த்ததும் கண்ணைக் கட்டியது. அதே அளவில், பாதி விலைக்கு, வேறு கம்பெனிகள் செய்பவை மூன்று இருந்தன. மூன்றுக்கும் விமர்சனம் படித்தேன். ஒருவர் ஆஹா ஓஹோ என்றார். இன்னொருவர், மங்கல் வெளிச்சத்தில் ஃபோகஸ் காலை வாரிவிடும் என்றார். மூன்று வாரம் படித்தும் லென்ஸ் வாங்கவில்லை. கவலைதான் மிச்சம். அந்தக் கவலையை அப்படியே தூக்கி ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டேன்.

2

(முதல் தொடக்கம்: "மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் லென்ஸை வெளியே..." வேண்டாம். மழையில் லென்ஸை வெளியே எடுக்க அவளுக்கென்ன பைத்தியமா?)

(இரண்டாவது: "ஒளி என்பது யாதெனில்..." இது அதைவிட மோசம்.)

அவள் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுப்பவள். "தலையை நிமித்துங்க, வாயை மூடுங்க" என்று நாளெல்லாம் ஊராரிடம் சொல்வதுதான் வேலை. அவளுடைய அண்ணனிடம் மட்டும் யாரும் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்குத் திக்குவாய். அவன் வேலை பார்க்கும் பார்சல் ஆபீசில் ஆண்டுவிழா நாடகம் போட்டார்கள். அவனே கையைத் தூக்கி ஒரு வேஷம் கேட்டு வாங்கியிருந்தான். வசனம் ஒன்றே ஒன்று: "அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான்."

"ஆல்பம் பூரா பாரு, எ... எல்லாத்துலயும் வாயை மூடிக்கிட்டு நிக்கிறேன். பேசுற மாதிரி ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடு."

"எடுத்துடலாம்ண்ணா" என்றுவிட்டாள். சொன்ன பிறகுதான் பகீரென்றது. அரங்கில் ஃபிளாஷ் கூடாது. கடைசி வரிசையில்தான் நிற்க விடுவார்கள். அவளிடம் இருந்த பழைய லென்ஸுக்கு அந்த வெளிச்சம் போதாது. படமெல்லாம் மணல் தூவினதுபோல் வரும். ஷட்டரை மெதுவாக்கினால் அசைகிற உதடு கலங்கிவிடும். அவன் கேட்டதோ உதட்டைத்தான்.

3

லென்ஸ் கடைக்காரர் அதே மூன்று லென்ஸையும் மேசையில் வைத்தார். அவள் நடுவிலிருந்ததை எடுத்து, கடையின் இருட்டு மூலையில் தூங்கி வழிந்த காவலாளியைக் குறிவைத்தாள். மீசை முடியை எண்ணிவிடலாம்போல் வந்தது.

"ஒரே ஒரு விஷயம் மேடம். உங்க பழைய லென்ஸ் மாதிரி இல்ல, இதுல ஜூம் வளையம் எதிர்ப்பக்கம் சுத்தும். ரெண்டு நாள்ல கை பழகிடும்." *

"அது கிடக்கட்டும். இருட்டுல ஃபோகஸ் பிடிக்குமா?"

"நூறு தடவை சொல்லிட்டேன் மேடம், பிடிக்கும்."

"நூத்தியோராவது தடவை சொல்லுங்க."

வாங்கிவிட்டாள். நாடகம் மறுநாள் மாலை.

(* கெட்டிக்கார எழுத்தாளர் இந்த வரியை எங்காவது ஒளித்து வைத்திருப்பார். எனக்குப் பயம். நீங்கள் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டால்?)

4

ஃபோகஸ் பிடித்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

அண்ணன் மேடைக்கு வந்தான். முகமும் தோளும் ஃபிரேமில் கச்சிதமாக நின்றன. வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. ஒரு விநாடி, இரண்டு, நான்கு. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். பதற்றத்தில் அவள் விரல் தானாக அழுத்திவிட்டது. ஒரு படம்.

அப்போது, ஒத்திகையில் செய்யாத ஒன்றைச் செய்தான். விறுவிறுவென்று மேடை விளிம்புக்கு நடந்து வந்தான். ஃபிரேமை விட்டு வெளியேறினான். அவள் காட்சியை அகலமாக்க வளையத்தைத் திருகினாள். பன்னிரண்டு வருடமாகத் திருகிய பக்கமே திருகினாள். காட்சி பாய்ந்து கிட்டே வந்தது. சட்டை, சட்டை, சட்டையின் மூன்றாவது பொத்தான். அழுத்தினாள்.

"அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான்!"

ஒரு சொல்கூடத் திக்கவில்லை. கைதட்டல் ஓய்ந்தபோது அவள் இன்னும் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூல் தையல்கூடத் துல்லியமாகத் தெரிந்தது.

5

முடிவு அ: பெரிதாக்கிப் பார்த்தால் பொத்தானின் பளபளப்பில் அவன் பேசும் முகம்... (சீ. கொட்டாங்குச்சிப் பொத்தான்போல் மங்கலானது அது. பளபளப்பெல்லாம் கிடையாது.)

முடிவு ஆ: லென்ஸைக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் சண்டை பிடிக்கிறாள். (அந்த மனுஷன்தான் படித்துப் படித்துச் சொன்னாரே.)

6

மறுநாள் அண்ணன் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டான். அவள் முதல் படத்தைத் திரையில் வைத்தாள். திறந்த வாய், கூர்மையான கண், ஒரு மணல் துகள் இல்லை. திக்கி நிற்கிற வாயும் பேசுகிற வாயும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. அடுத்த படத்தில் பொத்தான் இருந்தது. அதைத் திரைக்குக் கொண்டுவர அழுத்த வேண்டிய பொத்தான் பக்கம் அவள் விரல் போகவில்லை.

அவன் வெகுநேரம் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"இது நான் அ... அந்த வசனம் சொல்றப்ப எடுத்ததுதானே?"

ஆமாம் என்றால் ஆல்பத்துக்கு ஒரு படம் கிடைக்கும். இல்லை என்றால், அவன் பேசிய அந்த நொடிக்கு இருக்கும் ஒரே சாட்சி ஒரு பொத்தான்.

"அண்ணா, அது வந்து..."

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. நான்கு நாளாக அவள் வாயைத் திறந்தபடியே நிற்கிறாள். நீங்களாவது ஒரு வார்த்தை எடுத்துக் கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவன் திரையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.