மேசையில் வைத்த தீர்மானம்

மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் வரி, சாலை, பள்ளி எல்லாவற்றையும் வாக்கெடுத்துத்தான் முடிவு செய்வோம். செய்வோம் என்றா சொன்னேன்? செய்வார்கள். கூட்டம் காலையில், அந்நேரம் நாங்கள் ஆலையில் தறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நெசவாளிகள்தான் அதிகம். கூட்டத்தில் மட்டும் எங்களைத் தேடத்தான் வேண்டும்.

போன வருடம் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் ஒரு கும்பலாகப் போனோம். கூட்டத்தை மாலைக்கு மாற்ற வேண்டும், அதுதான் எங்கள் தீர்மானம். ஆலை வக்கீல் தேயர் எழுந்து, "இதை மேசைமேல வெச்சிடலாமே" என்றார். என்ன ஒரு நல்ல மனிதர்! பிரெஞ்சு பேசும் கியூபெக்கிலிருந்து வந்த எங்களுக்கு இருப்பது தறியடியில் பொறுக்கிய இங்கிலீஷ். மேசைமேல் வைத்தால் எல்லோர் கண்ணிலும் படுமே என்று "சரி!" எனக் கூரை அதிரக் கத்தினோம். நான் கை வேறு தட்டித் தொலைத்தேன்.

மேசையில் வைப்பது என்றால் கிடப்பில் போடுவது. வெளியே வந்தபிறகுதான் தெரிந்தது.

"நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுக்கிட்டோமேடா ஓவிலா!" என்றாள் என்னைப் பார்த்து, பக்கத்துத் தறி டெல்ஃபீன். தொழிற்சங்கத்தை நச்சரித்து, ரொட்டிக்கடை மாடியில் கூட்ட விதிகளுக்கு வகுப்பே தொடங்க வைத்துவிட்டாள்.

"கத்தறதுக்குக்கூடப் படிப்பாக்கா?" என்றேன்.

"எதுக்குக் கத்தறோம்னு தெரியாமத்தானே போன தடவ கத்துனே?"

வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

இந்த வருடம் கூட்டத்தன்று ஆலைச் சங்கு ஊதியது. உள்ளே போக ஆளில்லை. எல்லோரும் கூட்டத்தில். எங்கள் தீர்மானத்தைப் படித்ததும் தேயர் புன்னகையோடு எழுந்தார்.

"இதை மேசைமேல..."

"கூடாது!" என்று எல்லோரும் கத்தினோம்.

அவர் புன்னகை பாதியிலேயே நின்றது. வாக்கெடுப்பில் தோற்றார். அடுத்த வாக்கெடுப்பில் எங்கள் தீர்மானம் நிறைவேறியது. இனிக் கூட்டம் மாலையில்தான். இந்தத் தடவை தெரிந்தே கை தட்டினேன்.

அடுத்தது ஆலைக்கு வரிச்சலுகை. டெல்ஃபீன் எழுந்தாள்.

"இதை மேசைமேல வெச்சிடலாமுங்க."

தேயர் துள்ளி எழுந்தார். "ஒரு நிமிஷம், நான் விளக்கிச் சொல்லிடறேன்..."

"மேசைமேல வைக்கிறதுக்கு விவாதம் கிடையாதுங்க வக்கீலய்யா. உடனே வாக்கெடுப்புதான்."

தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் தலையாட்டினார். வாக்கெடுத்தார்கள்; சலுகை கிடப்புக்குப் போனது.

"யாரும்மா இதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது?" என்றார் தேயர், முகம் சிவக்க.

"நீங்கதாங்க ஆரம்பிச்சு வெச்சீங்க. ஒரு பாடத்தோட நிறுத்திட்டீங்களேன்னு மிச்சத்த நாங்களே படிச்சுக்கிட்டோம்."