அண்ணனை அழைத்து வந்த காய்ச்சல்

வெல்டருக்குக் காய்ச்சல் வந்து வாரக்கணக்கில் ஆகியும் விட்டபாடில்லை. நாற்பது தாண்டிய ஆள், தும்மலுக்குக்கூட மாத்திரை போடாதவர், பட்டறைக்குப் போக முடியாமல் கட்டிலோடு கிடந்தார். கழுத்தில் நெறி கட்டியிருந்தது. கண் லேசாக மஞ்சளித்திருந்தது. முதலில் எடுத்த சோதனையில் ஒன்றும் பிடிபடவில்லை. வெள்ளணுக்கள் ஒரு தினுசாக இருக்கின்றன, மண்ணீரலும் வீங்கியிருக்கிறது என்ற டாக்டர், "ரத்தப் புற்றுநோயாவும் இருக்கலாம். இன்னும் சில சோதனை பண்ணிப் பார்த்துடலாம்" என்றார்.

அன்றே வெல்டரின் மனைவி, அவருக்குத் தெரியாமல் அவருடைய அண்ணனுக்குப் போன் செய்தாள்.

அண்ணன் தம்பிக்குப் பேச்சு அற்றுப் பல வருஷம். அம்மா உயிருக்குப் போராடிக்கொண்டு கிடந்தபோது அண்ணன் வந்து சேரவில்லை. உயிர் போனபின் ஓடிவந்தவரை, "யார் நீ? அவங்களுக்குப் பிள்ளை நான் ஒருத்தன்தான்" என்று நாலு பேர் பார்க்க வாசலோடு விரட்டியிருந்தார் தம்பி.

அந்த அண்ணன் மறுநாள் பையும் கையுமாக வந்து நின்றார். பழசை எடுக்கவில்லை. ஈரத்துணியால் தம்பியின் நெற்றியைத் துடைத்தார், கழிப்பறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார், சின்ன வயதில் அவன் கட்டிலில் குதித்துப் பல்லை உடைத்துக்கொண்டதைச் சொல்லிச் சிரித்தார். வெல்டருக்குச் சாவு பயம்கூடச் சற்று நேரம் மறந்துபோனது.

சோதனை முடிவு வந்தது.

"புற்றுநோய் இல்லைங்க. வைரஸ் காய்ச்சல்தான். எச்சில் வழியா ஒட்டும், முத்தக் காய்ச்சல்னுகூடச் சொல்வாங்க" என்றார் டாக்டர். "சின்ன வயசுக்காரங்கன்னா தொண்டை வீங்கிக் காட்டிக்கொடுத்துடும். உங்க வயசுல பலபேருக்குத் தொண்டை சும்மா இருக்கும், ஈரலைப் பிடிக்கும், எங்களையே ஏமாத்திடும். முதல் சோதனையும் சில சமயம் தப்பிடும். ஓய்வு எடுங்க, தானா சரியாயிடும். மண்ணீரல் வீக்கம் வடியற வரைக்கும் கனமா எதையும் தூக்காதீங்க."

"முத்தமா? இந்த மனுஷனா?" மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

வீடு திரும்பியதும் அண்ணன் சட்டைகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார்.

"இன்னும் ரெண்டு நாள் இருங்கண்ணா."

"அதான் உனக்கு ஒண்ணுமில்லையே."

"அன்னிக்கு நான் பேசினது..." வெல்டர் பையைப் பிடித்துக்கொண்டார். "தப்புண்ணா."

அண்ணன் ஜிப்பை இழுத்து மூடினார். "அம்மா முகத்தைக்கூடப் பார்க்க விடலடா நீ. சாகக் கிடக்கறவன்கிட்ட என்ன வீம்புன்னுதான் வந்தேன். நீ நல்லா இரு. மத்தது என்னால முடியல."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. கண் தெளிந்தது. வெல்டர் மறுபடி பட்டறைக்குப் போகத் தொடங்கினார். போன் போட்டால் அண்ணன் எடுப்பதில்லை. உடம்பு எப்படி என்று கேட்பவர்களிடம், "நல்லாயிடுச்சு" என்பார். சொல்லும்போது முகத்தில் சந்தோஷம் இருக்காது.