நெற்றியில் ஒரு சீட்டு

பஸ் டிரைவருக்கு மீன் தொட்டி என்றால் உயிர். ஜன்னல் வைத்த முன்னறையை அப்படியே மீன்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருந்தார். துணி தைத்துக் கொடுக்கும் அவர் மனைவி, குளியலறைக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்த நடையில் மெஷினைப் போட்டிருந்தாள். யாராவது குளிக்கப் போனால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வழிவிட வேண்டும். அவள் முன்னறையைக் கேட்கும்போதெல்லாம் அவர் சிரிப்பார். போன வாரம், "ஆட்டத்துல ஜெயிச்சு எடுத்துக்கோ" என்றார். அவளும் சரி என்றுவிட்டாள்.

ஆட்டம் என்றால் அந்த வீட்டுப் போக்கர். ஆளுக்கு ஒரே சீட்டு. அதையும் பார்க்கக் கூடாது, எடுத்த கையோடு நெற்றியில் வைத்து எதிராளிக்குக் காட்ட வேண்டும். அடுத்தவர் சீட்டு தெரியும், தன் சீட்டு தெரியாது. பந்தயத்துக்குச் சட்டைப் பொத்தான்கள். பெரிய சீட்டு ஜெயிக்கும், எல்லாவற்றுக்கும் மேலே ஏஸ். பயந்து ஒதுங்கினால் போட்ட பொத்தான் போச்சு. ஏஸை நெற்றியில் வைத்துக்கொண்டு ஒதுங்கிய புண்ணியவானுக்குப் பத்துப் பொத்தான் அபராதம் வேறு. வாய்க்கு மட்டும் சட்டம் கிடையாது, என்ன வேண்டுமானாலும் புளுகலாம். அடுத்தவர் புளுகைக் கண்டுபிடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது டிரைவரின் நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். மூன்றாவது ஆள் அவள் தம்பி, மருந்துக்கடையில் வேலை. அரை மணியில் அவன் பொத்தான்கள் காலி. அதன்பின் சீட்டுப் போடும் வேலை அவனுக்கு. மற்ற இருவரிடமும் ஏறக்குறைய சமமாக இருந்தது.

கடைசிச் சீட்டு. அவள் நெற்றியில் பத்து. அவள் அவர் நெற்றியைப் பார்த்தாள்.

"உங்களுக்கு மூணு வந்திருக்கு. பேசாம விட்டுடுங்க."

"ரெண்டுன்னு சொல்லிப் பாரேன், இன்னும் பயப்படுவேன்."

"மூணுதாங்க இருக்கு."

டிரைவருக்கு உச்சி குளிர்ந்தது. இவ்வளவு அக்கறையாக விடச் சொல்கிறாள் என்றால் ராஜாவாவது இருக்க வேண்டும். ஏஸாகவே இருந்துவிட்டால்? மச்சான் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா மாட்டிக்கொண்ட கவலை போலிருக்கிறது.

"என்ன மச்சான், உங்கக்கா சொல்றது நெசமா?"

"நான் ஆட்டத்துலயே இல்ல மாமா. என்னை இழுக்காதீங்க."

அது போதும் அவருக்கு. பொத்தான்கள் அத்தனையையும் நடுவில் தள்ளினார். அவளும் தள்ளினாள்.

"கடைசியா சொல்றேன். மூணு."

அவர் மேஜை அதிரச் சீட்டை இறக்கினார். டைமண்ட் மூணு.

தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டிரைவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நெசத்தையா சொன்ன?"

"ஆமா. நான் சொன்னா நம்ப மாட்டீங்கன்னு தெரியும். முதுகு ஒடியுது, நிமிந்து உக்கார இடம் குடுங்கன்னு ரெண்டு வருஷமா சொன்னேன். அதையும் விளையாட்டுன்னுதானே நெனச்சீங்க?"

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. எழுந்து நடைக்குப் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் அலமாரியில் இடித்தது. தள்ளி உட்கார்ந்தார். முதுகு சுவரில் முட்டியது.

"மச்சான், ரெண்டு வாளி எடுத்துட்டு வா" என்றார் அங்கிருந்தே. "தொட்டித் தண்ணிய இறைக்கணும்."