இரண்டு கல்லறை உள்ள மனிதர்

செத்துப்போன அமெரிக்கர்களோடு வாழ்ந்து எனக்கு அலுத்துவிட்டது. ஜெர்மனியில், பான் நகரத்தில் ஒரு பதிப்பகத்தில் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் நீதிபதிகள், மருத்துவர்கள், கல்லூரித் தலைவர்கள், ஊர்ப் பிரமுகர்கள் எல்லாருடைய வாழ்க்கையையும் ஜெர்மன் மொழியில் அகரவரிசையில் அடுக்கி ஒரு கனத்த அகராதி போடுகிறார்கள். யார் வாசிப்பார்கள் என்று கேட்கக் கூடாது, நூலகங்கள் வாங்குமாம். பாதிப் பேர் பண்ணையில் பிறந்து, சட்டம் படித்து, தாடி வளர்த்து, நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தவர்கள். ஆளுக்கு ஒரு பத்தி. ஒருவரைப் புதைத்துவிட்டு நிமிர்ந்தால் அடுத்தவர் தயாராக நிற்பார். 2005 இலையுதிர்காலத்தில் அகராதி கடைசி எழுத்துகளுக்கு வந்திருந்தது. நானும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருந்தேன்.

அப்போதுதான் ஆமோஸ் வெற்மோரின் பத்தி என் மேசைக்கு வந்தது. எனக்கு முன் அந்த மேசையில் இருந்தவர் எழுதிவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருந்தார். அமெரிக்காவின் கனெக்ரிக்கட் மாநிலத்தில் நீதிபதி, யாழ்ப்பாணத்தில் மிஷன் மருத்துவர், தமிழில் உடற்கூற்று நூல் எழுதியவர் என்று பத்தி நிறையப் புகழ். வாசிக்க வாசிக்க எனக்குத் தலை சுற்றியது. மனிதர் கனெக்ரிக்கட்டில் ஒரு காணி வழக்குக்குத் தீர்ப்புச் சொன்ன அதே வாரத்தில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஒருவரின் அழுகிய காலை வெட்டியிருக்கிறார். கப்பலில் போவதற்கே மாதக்கணக்கில் ஆகிய காலம் அது. இரண்டு கண்டத்திலும் ஒவ்வொரு பெண்சாதி, இரண்டு இடத்திலும் கல்லறை. முன்னவர் இதற்கெல்லாம் மருந்தாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் கொலோனில் ஜெயச்சந்திரன் அண்ணை இருந்தார்.

அவருடைய முழுப்பெயர் ஜெயச்சந்திரன் வெற்மோர். கொலோன் தமிழ்ச் சபையில் பழக்கம். ஒரு மருத்துவமனைச் சமையலறையில் காலமெல்லாம் பெரிய சட்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். தங்கள் பூட்டன் அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளைக்கார டாக்டர் என்று அவர் சொல்லாத ஆளில்லை. நிறம் என்னைவிட ஒரு படி கறுப்பு. கேட்டால், காலம் போகப் போக இரத்தம் மெலிந்துவிட்டது என்பார். அந்தப் பெயரால் அவருக்கு ஜெர்மனியில் கிடைத்தது ஒன்றுதான். வாடகைக்கு வீடு கேட்டுத் தொலைபேசி எடுத்தால், ஹெர் வெற்மோர் என்று மரியாதையாக வீடு பார்க்க டெர்மின், அதாவது நாளும் நேரமும், கொடுப்பார்கள். நேரில் போனதும் வீடு இப்போதுதான் போய்விட்டது என்பார்கள்.

வசந்த காலத்தில் எங்கள் பெயர்ப்பட்டியலில் வெற்மோரைக் கண்ட சந்தோசத்தில் நானே அவருக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லியிருந்தேன். சும்மா இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு அவருடைய பெருமையை அடக்க முடியவில்லை. மகள் மீராவுக்குக் கோடையில் ஆண்பிள்ளை பிறந்தது. மருமகனும் அவளும் லூக்காஸ் என்று வைக்க ஆசைப்பட்டார்கள். அண்ணை விடவில்லை. ஜெர்மன் புத்தகத்திலேயே வரப்போகிற பெயர், பிள்ளைக்கு ஆமோஸ்தான் என்று ஒற்றைக் காலில் நின்று சம்மதிக்க வைத்தார். வருகிற ஞாயிறு ஞானஸ்நானம். விருந்தில் எங்கள் அகராதிப் பத்தியை நான் எழுந்து வாசிக்க வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு.

எனக்கு உண்மை பிடிபட அரை நாள் எடுத்தது வெட்கக்கேடு. யாழ்ப்பாணத்தில் எங்கள் குடும்பமும் அமெரிக்க மிஷன் மூலம் கிறிஸ்தவத்துக்கு வந்ததுதான். அந்தக் காலத்தில் மிஷன் விடுதிப் பள்ளியில் ஒரு பிள்ளை சேர்ந்தால், அமெரிக்காவில் எங்கோ இருக்கும் ஒரு பெரியவர் அந்தப் பிள்ளையின் படிப்புக்குப் பொறுப்பேற்பார். அவருடைய பெயரையே பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் அப்படி எத்தனையோ பேர் அமெரிக்கப் பெயர்களோடு கோவணமும் பாவாடையுமாகத் திரிந்தார்கள். என் அம்மாவின் பூட்டியே பொஸ்ரனில் இருந்த ஒரு சீமாட்டியின் பெயரைச் சுமந்தவர்தான். ஆக, கனெக்ரிக்கட் நீதிபதி ஆமோஸ் வெற்மோர் ஒருவர். அவருடைய பெயர் ஒட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொடியன் இன்னொருவர். படித்து, மருத்துவராகி, கால் வெட்டி, புத்தகம் எழுதியது அந்தப் பொடியன்தான்.

அகராதியின் ஆசிரியர் ஃப்ராவ் கெஸ்லர் நான் சொன்னதைக் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுக் கேட்டார். அவரும் களைத்துப்போன மனுசி. நன்றாகக் கண்டுபிடித்தீர்கள், இருவரையும் பிரியுங்கள், அமெரிக்கர் நிற்கட்டும், மற்றவர் வெளியே என்றார். மற்றவர்தான் வாழ்ந்த மனிதர் என்று நான் மல்லுக்கு நின்றேன். புத்தகத்தின் அட்டையைப் பாருங்கள், அமெரிக்கர்கள் என்றுதானே போட்டிருக்கிறது என்றார். மருத்துவரை எடுத்த பிறகு நீதிபதியிடம் மிஞ்சியது ஒரு தாடியும் சில காணி வழக்குகளும்தான். கெஞ்சி ஒரு வசனம் மட்டும் வாங்கினேன். யாழ்ப்பாணத்தில் ஒரு தமிழ் மருத்துவர் இவருடைய பெயரைத் தாங்கினார் என்று நீதிபதியின் பத்தியின் அடியில் வரும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கொலோனுக்கு ரயில் ஏறினேன். போகாமல் விட்டால் என்ன என்று வழி முழுக்க யோசித்தேன். புத்தகம் வர இன்னும் ஒரு வருடமாவது ஆகும். ஞாயிற்றுக்கிழமை பழைய பத்தியை வாசித்தால் எல்லாரும் கை தட்டுவார்கள், மனிதரும் சந்தோசமாக இருப்பார். ஆனால் அந்தப் பிள்ளை ஒரு பொய்யைக் காரணமாக வைத்து வந்த பெயரோடு ஆயுளுக்கும் இருக்கும். செத்தவர்களை ஒழுங்குபடுத்துவது எனக்குப் பழகிவிட்டது. உயிரோடு இருக்கிற ஒருவரிடம் போய்ச் சொல்வதுதான் பழகவில்லை.

கொலோனின் முல்ஹைம் பகுதியில் அவர்களுடைய வீட்டில் விருந்துக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், எனக்குப் பயற்றம் பணியாரமும் தேத்தண்ணியும் தந்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அண்ணை புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரே வாரத்தில் இரு கண்டத்தில் நடந்த வேலையிலிருந்து தொடங்கி, இரண்டு கல்லறையையும் சொல்லி, விடுதிப் பள்ளிப் பெயர் வழக்கத்தையும் என் பூட்டியையும் சொல்லி முடித்தேன்.

"அப்ப நாங்கள் வெள்ளைக்காரன்ர பரம்பரை இல்லை," என்றார் கடைசியில்.

"இல்லை அண்ணை."

"அந்த நீதவான் எங்கட ஊரைப் பாத்ததும் இல்லை."

"இல்லை. ஆனா டாக்குத்தர் உங்கட பூட்டன்தான். அவர் செய்த வேலையெல்லாம் அவர் செய்ததுதான். அதில ஒரு பொய்யும் இல்லை."

அவர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். புத்தகத்தில் பூட்டனுக்கு எவ்வளவு இடம் என்று கேட்டார். ஒரு வசனம் என்றேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஆளைப் பெயரில் கூப்பிட்டு முகத்தைக் கண்டதும் கதவைச் சாத்துவது தனக்குப் புதிதில்லை என்று மட்டும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்தது. மனிதர் என்னைத் தேற்றுவதற்காகப் பணியாரத் தட்டைத் தள்ளி வைத்தார்.

பிறகு ஏதோ நினைவு வந்தவர் போல என்னைப் பார்த்தார்.

"அந்தாளின்ர சொந்தப் பேர் என்ன பிள்ளை?"

"தெரியாது அண்ணை. தேடிப் பாத்தன். பள்ளிக்கூடத்தில சேர்ந்த நாளிலயிருந்து ஆமோஸ் வெற்மோர்தான்."

"அதுக்கு முந்தி ஒரு பேர் இருந்திருக்குமே. பள்ளிக்கூடத்துக்குப் போற வயசு வரைக்கும் பேரில்லாமல் இருந்திருக்கேலாது."

"இருந்திருக்கும். ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை."

"தாய் என்ன எண்டு கூப்பிட்டிருப்பா? விடுதியால லீவில வீட்டை வரேக்க, இந்தப் பேரை அந்த மனுசிக்குச் சொல்லக்கூட வாய் வந்திராது."

எனக்கு எழுந்து போகவும் மனமில்லை, இருக்கவும் முடியவில்லை. இத்தனை வருடம் எத்தனையோ பேருடைய பிறப்பையும் இறப்பையும் சரிபார்த்திருக்கிறேன். ஒருவருடைய தாய் அவரை எப்படிக் கூப்பிட்டாள் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

அண்ணை எழுந்துபோய்த் தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் மீரா. பின்னால் குழந்தை அழுவது எனக்கே கேட்டது. இன்னும் ஏதாவது சாமான் வாங்க வேண்டுமா என்று அவள் கேட்டிருக்க வேண்டும், ஒன்றும் வேண்டாம் என்றார்.

"பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன பேர் வேண்டாம்," என்றார். "நீ என்ன பேர் சொல்லி அவனைக் கூப்பிடுறாய்?"

அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவர் லூக்காஸ் என்று மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"ஓம், அதையே வை. நீதானே தாய்."