முப்பத்தொரு பெயர்கள்

என் பெயர் அசரியா. கிழக்குத் தாம்பரத்துக்கு அப்பால் இருந்த லூத்தரன் கல்லூரியில் மண் வெட்டுவதும் தண்ணீர் சுமப்பதும் என் வேலை. நாற்பத்திரண்டு வயதில்தான் எழுத்துக் கற்றேன். கற்ற எழுத்தை வைத்து நான் செய்த முதல் காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அது 1964. முதல்வர் ஹாவ்லண்ட் துரை அமெரிக்காக்காரர். ஆனால் அவருடைய முன்னோர் நார்வேயிலிருந்து கப்பலேறிப் போன குடியானவர்கள். போன இடத்தில் வயலை உழுதுகொண்டே ஒரு கல்லூரியும் கட்டினார்களாம். அங்கிருந்து வந்தவர்கள் தொடங்கியதுதான் எங்கள் கல்லூரி. கணக்குப் படிக்கிற பையனும் பாட்டுக் கற்க வேண்டும், பாட்டுக்காரனும் தவளையை அறுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். இன்னொரு வழக்கமும் அவர்களுக்கு உண்டு. வருஷா வருஷம் கல்லூரி தொடங்கிய நாளில் வாத்தியார்கள் சமைத்துப் பரிமாறுவார்கள், வேலைக்காரர்கள் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். செங்கல் சுமந்தவனும் பாதிரியாரும் ஒரே பெஞ்சில் சாப்பிட்ட காலத்தை மறக்கக்கூடாது என்பதற்காக.

அந்த வருஷம் அதை எங்களுக்கும் செய்யப்போவதாகத் துரை சொன்னார். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னும் பெயர் எழுதிய அட்டை இருக்க வேண்டுமாம். வேலைக்காரர்களுக்கு மாலை வகுப்பு எடுத்த சத்தியநாதன் சார், அசரியாவே எழுதட்டும் என்று சொல்லிவிட்டார். ஐம்பது அட்டையும் ஒரு மைக்கூடும் என் கைக்கு வந்தன. நாங்கள் முப்பத்திரண்டு பேர்.

மறுநாள் ஹாஸ்டல் சமையல்காரர் ஐசக் நான் தோண்டிக்கொண்டிருந்த வாய்க்காலுக்கே வந்தார். முனியம்மாவுக்கும் அட்டை உண்டா என்று கேட்டார். முனியம்மா ஹாஸ்டல் கக்கூஸ் கழுவுகிறவள். மாலை வகுப்பில் வாசலோரம் உட்கார்ந்து என்னோடு படித்தவள்.

"அவ ஒக்காந்தா எங்காளுங்க எழுந்துடுவாங்க. தொரை மொகத்துல கரி பூசப்போறியா? எழுதாம வுட்டுடு. கூப்புடலைன்னா அவளே வரமாட்டா."

ஐசக் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்கலாம். ஆனால் அவர் சொன்னபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மாலை வகுப்பில் படிக்கிறவர்களை விருந்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். அவள் நாற்காலி என் நாற்காலிக்கு அடுத்ததாக வந்திருக்கும். எங்களை ஊர் தள்ளி வைத்திருந்தது. நாங்கள் தள்ளி வைக்கவும் ஒருத்தி வேண்டியிருந்தது. முப்பத்தொரு அட்டை எழுதினேன். மிச்சத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் வந்தாள். தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். மற்றவர்கள் அட்டையைப் படிக்கத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் யாரையும் கேட்கவில்லை. மேஜையின் ஒரு கோடியிலிருந்து தொடங்கி, குனிந்து, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு அட்டையாகப் படித்துக்கொண்டே போனாள். மறுகோடிக்குப் போய்த் திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். உட்கார்ந்திருந்தவர்கள் அவள் குனியும்போது தோளை ஒதுக்கிக்கொண்டார்கள்.

கடைசியில் என்னிடம் வந்தாள்.

"ரெண்டு வாட்டி பாத்துட்டேண்ணா. எம் பேரு காணோம்."

"அட்டை தீந்துபோச்சு முனியம்மா."

என்னுடையது வெயிலில் நைந்த மெல்லிசான சட்டை. பையில் அட்டைகள் வெள்ளையாகத் தெரிந்தன. அவள் பையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "செரிண்ணா" என்று சொல்லிவிட்டுச் சமையலறைப் பக்கமாக வெளியே போனாள்.

துரை இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு குண்டானோடு வந்தார். ஆட்களை எண்ணினார். ஒருவர் குறைகிறதே, யார் என்று தமிழிலேயே கேட்டார். ஐசக் தன் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனியம்மா பிள்ளைக்குக் காய்ச்சல் சார், வரமுடியலை என்று நான் சொன்னேன். பாவம் என்றார். எழுத்து அழகாக இருக்கிறது என்று என் முதுகில் தட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். பாலில் குழைய வேகவைத்த அரிசி, மேலே வெண்ணெயும் பட்டைத்தூளும். எனக்குத்தான் முதலில் பரிமாறினார்.

அந்த வாரம் அவள் வகுப்புக்கு வரவில்லை. காய்ச்சல் பெரியவளுக்கா சின்னவனுக்கா, போய்ப் பார்த்துவிட்டுக் கூட்டி வா என்று சத்தியநாதன் சார் என்னையே அனுப்பினார். ரயில் பாதை ஓரம் அவள் குடிசை. எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன்.

அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்ற என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் உட்காரமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

"அன்னிக்கி இன்னா போட்டாங்கண்ணா?"

"பால்ல வேகவெச்ச சோறு. நம்ம வாய்க்கு ஒத்துவராது. ருசியே இல்ல."

"அப்டியா" என்றாள். ஏதோ ஆறுதல் போலச் சிரித்தாள். "வகுப்புக்கு வரமுடியாது, வேல கீதுன்னு சார்கிட்ட சொல்லிடு."

சரி என்று திரும்பி நடந்தேன். நான் அந்தச் சோற்றை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தேன்.