அபிசாவுக்கு ஒரு சட்டை

கனடாவிலுள்ள ஒரு சிறிய சபையிலிருந்து பன்னிரண்டு பேர் ஐந்து நாள் ஊழியத்துக்கு வெள்ளாங்குளம் வந்திருந்தார்கள். காலையில் முன்பள்ளிச் சுவருக்குப் பெயின்ற் அடிப்பார்கள். மத்தியானம் கண் பார்த்து மூக்குக்கண்ணாடி கொடுப்பார்கள். பின்னேரம் பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும். மொழிபெயர்க்கத் தலைமன்னாரிலிருந்து ஜெனிற்றாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுக்கு அந்த ஊர் புதிது.

முதல் நாளே ஜோய்ஸ் என்ற வயதான தாதி பையிலிருந்து ஒரு மஞ்சள் சட்டையை எடுத்துக் காட்டினார். "போன வருஷம் மற்றப் பிள்ளைகள் பாட்டுப் படிக்கும்போது என்னோடு வந்து இருப்பாள். அபிசா என்று பெயர். அவளைக் கூப்பிடு."

ஜெனிற்றா கண்ணாடிக்கு நின்ற வரிசையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். "அபிசா எண்டு ஆரும் இருக்கினமோ?"

கலகலவென்று கதைத்துக்கொண்டிருந்த வரிசை அடங்கிப்போனது. முன்பள்ளி ஆசிரியை இந்திராதேவி அவளைக் கையில் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

"தங்கச்சி, அந்தப் பேரை ஏன் கூப்பிட்டனீங்கள்? அது இராசம்மா அக்கான்ரை மகள். ரெண்டாயிரத்து ஒன்பதிலை, இடம்பெயர்ந்து ஓடேக்கை காணாமல் போனவள். அக்கா இன்னும் மரணச் சான்றிதழ் எடுக்கேல்லை. காணாமல் போன பிள்ளையளைக் கேட்டுத் தாய்மார் போராடுற கிளிநொச்சிப் பந்தலிலை படத்தோடை போய் இருக்கிறா."

"வேறை அபிசாவா இருக்கும்."

"இந்த ஊரிலை வேறை அபிசா இல்லை."

அதற்குள் வரிசையின் கடைசியில் நின்ற ஒரு மெலிந்த பெண் அவர்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். இராசம்மாதான். மூச்சு வாங்கியது அவளுக்கு. "அந்த அம்மா என்ரை பிள்ளையைக் கண்டவவோ? எங்கை கண்டவவாம்?"

ஜெனிற்றா கேட்டுச் சொன்னாள். மதிலுக்கு அங்கால், வேப்பமரத்தடியில்.

"எப்பிடி இருக்கிறாளாம்? கலியாணம் கட்டிட்டாளோ? இப்ப அவளுக்கு இருபத்தி நாலு."

ஜெனிற்றா ஜோய்ஸிடம் பிள்ளையின் வயதைக் கேட்டாள். "எட்டு இருக்கும்" என்றார் அவர். மொழிபெயர்த்த இத்தனை வருடத்தில் முதல்தடவையாக ஜெனிற்றா பொய் சொன்னாள். "வளர்ந்த பிள்ளையாம், அம்மா."

ஆனால் ஜோய்ஸ் சிரித்தபடி தன் இடுப்பளவுக்குக் கையை நீட்டிக் காட்டினார்.

இராசம்மா அந்தக் கையைப் பார்த்தாள். அதற்குக் கீழே இருந்த வெறும் இடத்தையும் பார்த்தாள்.

ஒன்றும் விளங்காத ஜோய்ஸ், பிள்ளை சொல்லிக்கொடுத்த தமிழைப் பெருமையாகச் சொன்னார். "பூ. கல்லு. செலுப்பு."

"செருப்பு" என்று திருத்தினாள் ஜெனிற்றா.

"இல்லை, அவள் இப்படித்தான் சொல்லுவாள்."

"அவளுக்கு 'ர' வராது" என்றாள் இராசம்மா.

அதற்குப் பிறகுதான் ஜெனிற்றா ஜோய்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஜோய்ஸ் நின்ற இடத்திலேயே கதிரையை இழுத்து உட்கார்ந்தார். சட்டையை இராசம்மா வாங்கி மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

அன்றும் அடுத்த மூன்று பின்னேரங்களும் ஜோய்ஸும் இராசம்மாவும் வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. கடைசி நாள், வாகனத்தில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, மரத்தடியில் இராசம்மாவோடு நின்ற ஜோய்ஸைக் கூப்பிட ஜெனிற்றா போனாள். காற்றே இல்லை. ஜோய்ஸ் தனக்கு முன்னால், இடுப்புயரத்தில் எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"இப்போது அவள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. என்னவென்று சொல்லு."

ஜெனிற்றாவுக்கு எந்தக் குரலும் கேட்டிருக்கவில்லை. இராசம்மாவும் ஜெனிற்றாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றாள். எந்த மொழியில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜோய்ஸ் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு, அர்த்தம் தெரியாமல் சொல்சொல்லாக ஒப்புவித்தார். "அம்மா... செலுப்பு... அங்கை... இல்லை."

இராசம்மா முழங்காலில் விழுந்து இரண்டு கையையும் நீட்டினாள். "விடு பிள்ளை! செருப்பு வேண்டாம். நீ வா. அம்மாட்டை வா!"

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. கொஞ்ச நேரத்தில் ஜோய்ஸ் நிமிர்ந்து, "போய்விட்டாள்" என்றார்.

பதினாறு வருடமாக ஒருவருக்கும் சொல்லாததை இராசம்மா ஜெனிற்றாவிடம் சொன்னாள். ஓடும்போது அபிசாவின் ஒரு கால் செருப்பு கழன்று விழுந்துவிட்டது. "புதுச் செருப்பு, பிள்ளை. நான்தான் ஏசினனான், திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வா எண்டு. போனவள்தான்."

வாகனத்தில் ஜோய்ஸ் அந்தச் சொற்களுக்கு அர்த்தம் கேட்டார். ஜெனிற்றா இந்தமுறை ஒன்றையும் மறைக்கவில்லை. மன்னார் வரும்வரை ஜோய்ஸ் கண்ணை மூடிக்கொண்டே வந்தார்.

இரண்டு மாதம் கழித்து இந்திராதேவி போன் எடுத்தாள். இராசம்மா ஐயரைக் கூப்பிட்டு இறந்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையை மகளுக்குச் செய்வித்துவிட்டாளாம்.

"அப்ப, பந்தலுக்குப் போறதை விட்டிட்டாவோ?" என்று கேட்டாள் ஜெனிற்றா.

"இல்லை, போறா. மற்றத் தாய்மாருக்குப் பக்கத்திலை இருக்கோணுமாம். அங்கை அந்தியேட்டி செய்ததைப் பற்றி மட்டும் வாயே திறக்கிறேல்லை."