ஏரி தெரியும் அறை

"ஏங்க, நம்ம ரூம் எங்க?"

"கொடுத்துட்டேம்மா."

"யாருக்கு?"

"புதுசா சேர்ந்த மெம்பர் ஒருத்தர். பாவம், குடும்பத்தோட வந்திருக்கார். நீ ஹால்ல லேடீஸோட படுத்துக்கோ, நான் கார்லயே சாஞ்சுக்கறேன். இந்த ஒரு தடவை அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. அடுத்த வருஷம் நமக்கே நமக்குன்னு ஒரு ரூம். சரியா?"

கல்யாணமான புதிதில் நடந்த பேச்சு. "சரி" என்று அன்றைக்குச் சொல்லித் தொலைத்தாள். அந்த அடுத்த வருஷம் அடிவானம் மாதிரி, கிட்டப் போகப் போகத் தள்ளிப் போயிற்று. பழைய கார்ச் சங்கத்தின் வார இறுதி உலா மட்டும் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

சங்கத்துக்கு அவள் கணவர் செயலாளர். அவள் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன். "ஒரு ஹாஸ்டலையே கட்டி மேய்க்கிறவங்களுக்கு நம்ம நாலு ரூம் எம்மாத்திரம்?" என்று சங்கத் தலைவர் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொல்ல, அறை ஒதுக்கும் வேலை அவள் தலையில் விடிந்தது. சம்பளம் கிடையாது. கடைசி நாள் ஒரு கைதட்டல் உண்டு, அதுவும் யாருக்காவது ஞாபகம் வந்தால்.

விடுதிப் பெண்களே தேவலாம். அவர்கள் ஜன்னலோரம் கேட்பார்கள், தோழியோடு அறை கேட்பார்கள். இவர்கள் கேட்பதே வேறு. "அண்ணி, படுத்தபடியே என் வண்டி கண்ணுல படணும்" என்பார் பல் டாக்டர். தலைவருக்குத் தரைத்தளம்தான் வேண்டும். மாடியில் படுத்தால் கார் ஏங்கிப்போய்விடுமாம். குளியலறையில் வெந்நீர் வருமா என்று இதுவரை ஓர் ஆண்மகன் கேட்டதில்லை. கார் கழுவக் குழாய் உண்டா என்று கேட்காத ஆண்மகனும் இல்லை.

அறைகளை ஒதுக்குவதுகூடக் கார்களின் பேரில்தான். கார் எவ்வளவு கிழடோ, அறை அவ்வளவு பெரிசு. மனைவி என்பவள் ஸ்டெப்னி மாதிரி. கூட வருவாள், எங்காவது ஒரு மூலையில் கிடப்பாள், பஞ்சரானால்தான் ஞாபகம் வரும்.

ஒரு முறை யாரோ காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நல்ல அறையாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். செயலாளருக்கு ரத்தம் கொதித்தது. 'தன் சக்கரத்தில் வந்து சேராத காருக்கு அறை கிடையாது' என்று சட்டமே போட்டுவிட்டார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வீட்டில் ஒரு வாரம் அந்தப் பெருமைதான் சாம்பாருக்குத் தொட்டுக்கொள்ள.

இந்த வருஷம் உலாவில் தங்கப்போகும் மலை விடுதியை அவள் முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பின்பக்கம், கடைக்கோடியில் ஒரு சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் ஏரி. கார் நிற்குமிடம் அங்கிருந்து கண்ணுக்கே தெரியாது. சங்கத்தில் ஒருவரும் சீந்தமாட்டார்கள். அதைத் தங்கள் காருக்கு ஒதுக்கினாள். பையின் அடியில் இரண்டு புதுத் தலையணை உறைகளை மடித்து வைத்தாள்.

"இதையாவது யாருக்கும் தூக்கிக் கொடுக்காம இருப்பீங்களா?"

"அந்த ரூமையா? சும்மா கொடுத்தாக்கூட எவனும் வாங்கமாட்டான்" என்று சிரித்தார் கணவர்.

பாதி வழியில், மலையேற்றத்தில், அவர் 'மகாராணி' என்று கொஞ்சும் கார் இரண்டு முறை இருமியது. மூன்றாவது இருமலில் உயிரை விட்டது. அவர் இறங்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். கடைசியில் ஒரு லாரி வந்து மகாராணியைப் பல்லக்கில் ஏற்றுவது போல் ஏற்றிக்கொண்டது. முன்னால் லாரி டிரைவருக்கும் கணவருக்கும் நடுவில் அவள் நசுங்கி உட்கார்ந்தாள். கணவரின் கழுத்து வழிநெடுகப் பின்பக்கமே திரும்பியிருந்தது.

"கயிறு அழுத்துதோ என்னமோ."

"எனக்குக் கால் மரத்துப்போச்சுங்க."

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. பம்பர்ல கீறல் விழாம இருக்கணுமே."

விடுதி வாசலில் சாயங்கால டீயோடு சங்கமே நின்றிருந்தது. லாரியைப் பார்த்ததும் தலைவர் முகத்தில் ஒரு துக்கம் வந்தது, எழவு வீட்டுக்கு ஒத்திகை பார்த்த துக்கம்.

"செயலாளர் சார், சொல்லவே சங்கடமா இருக்கு. ஆனா சட்டம்னு ஒண்ணு நீங்களே…"

"தெரியும் சார். சட்டம் எனக்கும் சட்டம்தான்" என்றார் கணவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. தான் வெட்டிய குழியில் இவ்வளவு பெருமையாக விழுந்த மனிதரை அவள் பார்த்ததில்லை.

பல் டாக்டர் மெல்ல முன்னால் வந்தார். "அப்ப அந்தப் பின்பக்க ரூம் காலிதானே அண்ணி? என் ரெண்டாவது வண்டியை என் மச்சான் ஓட்டிட்டு வந்தான். விட்டுட்டு பஸ்ல திரும்பிட்டான். ஆனா வண்டி சொந்தச் சக்கரத்துல வந்திருக்கு பாருங்க."

"அப்ப அந்த ரூம்ல யாரு படுக்கப்போறாங்க?"

"யாரும் இல்ல. கார் கவர், பாலீஷ், டூல்ஸ் எல்லாம் வெச்சுக்கலாம்னு. ராத்திரி பனியில நனைஞ்சிடும்."

பாலீஷ் டப்பாவுக்குக் கட்டில், மெத்தை, ஏரிக்காற்று. அறை ஒதுக்குகிறவள் என்று விடுதிக்காரர் இறங்கியதுமே கொடுத்த சாவியை அவள் இறுக்கிப் பிடித்தாள்.

"தாராளமா வெச்சுக்கங்க டாக்டர்" என்றார் கணவர். தானம் கொடுப்பதில் அவருக்கு இணை அவரேதான். கொடுப்பது எப்போதும் அவள் பங்கு. "இவ ஹால்ல லேடீஸோட படுத்துக்குவா. பழக்கம்தான். நான் மகாராணிக்குத் துணையா இங்கயே… சாவியைக் கொடும்மா."

டாக்டர் கையை நீட்டினார். அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"என்னம்மா? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

தலைவர் டீயை உறிஞ்சுவதை நிறுத்தினார். அவளுக்கு முகம் சூடேறியது, குரல் கொஞ்சம் உடைந்தது. ஆனாலும் பெண்கள் விடுதியில் மூன்றாம் மாடி வரை கேட்கும் வார்டன் குரல் அது. வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"ஏங்க, இந்த ரூம் எனக்கு வேணும். எனக்கு மட்டும் இல்ல, நீங்களும் வேணும். கதவைச் சாத்திக்கிட்டு, காரைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம, இன்னிக்கு ஒரு நாளாவது என்கூட இருங்க."